குருந்தம்: ஒரு கல்லின் பெயர் கடல் கடந்த வழி

கொல்லிமலையின் அடிவாரம் காரவள்ளி. சமவெளிச் சாலை இங்கே முடிந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளாக மலையேறத் தொடங்குகிறது. சாலைக்காக மலையைக் குடைந்த இடங்களில் பாறையின் உள்முகம் தெரியும். மழையும் வெயிலும் பட்ட மேற்பரப்பு பழுப்பாக இருந்தாலும், புதிதாக உடைந்த பக்கம் நீலம் ஓடிய கருமையாக, எண்ணெய்ப் பசையோடு மினுங்கும். ஊரில் இதற்குப் பெயர் கருங்கல். புவியியல் நூல்களில் சார்னோக்கைட். மலையின் மேல்தட்டில் செம்மண்ணோடு கலந்து கிடக்கும் அலுமினியத் தாதுவுக்குப் பாக்சைட் என்று பெயர். மலைக்கு மேற்கே, நாமக்கல்லைத் தாண்டி, பரமத்தி வேலூர், திருச்செங்கோடு பக்கத்து மேட்டு நிலங்களில் கிடைக்கும் ஒரு கடினக் கல்லை உலகமெங்கும் கொரண்டம் என்கிறார்கள்.

மூன்றும் இன்று ஆங்கில அகராதியில் உள்ள சொற்கள். ஆனால் மூன்றும் அங்கே போய்ச் சேர்ந்த வழி வேறு வேறு. சார்னோக்கைட் ஓர் ஆங்கிலேயரின் கல்லறையிலிருந்து பிறந்த பெயர். பாக்சைட் தென் பிரான்சில் உள்ள லே போ என்ற ஊரின் பெயர். அங்கிருந்து எடுத்த தாதுவை 1821இல் பியர் பெர்த்தியே ஆராய்ந்ததால் வந்தது. கொரண்டம் மட்டும் நம்முடைய குருந்தம்.

ஒரே மாவட்டத்துக் கற்களில் ஒன்று மட்டும் உள்ளூர்ப் பெயரோடு உலகம் சுற்றியது ஏன்? தொழில் இருந்த கல்லுக்குப் பெயர் நிலைத்தது, தொழில் இல்லாத கல்லுக்கு வந்தவர் பெயர் வைத்தார் என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் விடை. அதற்கான சான்று, கொரண்டம் என்ற சொல் ஆங்கிலத்தில் முதலில் எடுத்த, இப்போது வழக்கொழிந்துபோன ஒரு வடிவத்தில் இருக்கிறது. அந்த வடிவம் ‘கொரிவிண்டம்’.

எலி தோண்டிப் போட்ட கல்

ஜான் உட்வர்ட் லண்டனில் மருத்துவராக இருந்தவர். புதைபடிவங்களும் கற்களும் சேகரிப்பதில் பெரும் பித்துக் கொண்டவர். அவர் சேகரிப்பு இன்றும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அவர் இறந்த 1728ஆம் ஆண்டை ஒட்டி வெளிவந்த அயல்நாட்டுக் கற்களின் அட்டவணையில் ‘நெல்லா கொரிவிண்டம்’ என்று ஒரு பதிவு வருகிறது. நெல் விளையும் வயல்களில் இக்கல் கிடைக்கும். வயல் எலிகள் வளை தோண்டும்போது மண்ணோடு வெளியே தள்ளும். இரும்பைத் தேய்த்துப் பளபளப்பாக்க இந்நாட்டார் இதைப் பயன்படுத்துகிறார்கள் என்பது அப்பதிவின் சாரம். அதே அட்டவணையில் ‘தெல்லா கொரிவிண்டம்’ என்று இன்னொரு கல்லும் உண்டு.

எலி என்றதும் இது கட்டுக்கதை என்று தோன்றலாம். ஆனால் இதில் நியாயம் இருக்கிறது. குருந்தம் எளிதில் சிதையாது. அதைச் சுமந்த பாறை பல்லாயிரம் ஆண்டு மழை வெயிலில் இளகி மண்ணாகிப் போனாலும், குருந்தப் படிகங்கள் அப்படியே மண்ணில் தங்கிவிடும். உழும்போது கொழுமுனையில் தட்டுப்படும். மழை கழுவிய பிறகு வரப்போரத்தில் தெரியும். எலி வளையின் வாயிலும் கிடக்கும். பாறையை உடைக்காமலே பொறுக்கி எடுக்கக்கூடிய கல் என்ற செய்தியைத்தான் அந்த எலி லண்டன் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

‘நெல்லா’, ‘தெல்லா’ என்ற முன்னொட்டுகள் எங்கிருந்து வந்தன? தமிழர் காதில் முதல் சொல் நெல்லாகவே விழும். நெல் வயலில் கிடைக்கும் கல் என்ற விளக்கமும் அதற்கு ஒத்துப்போகிறது. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தெலுங்கு தெளிவாகிறது. தெலுங்கில் நல்ல என்றால் கறுப்பு, தெல்ல என்றால் வெள்ளை. கருங்குருவிந்தம், வெண்குருவிந்தம் என்று கடைவீதியில் பிரித்துச் சொன்னதை யாரோ ஒலிபெயர்த்து எழுதி அனுப்பியிருக்கிறார்கள். புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவர்களாக இருந்த சாமுவேல் பிரவுன், எட்வர்ட் பல்க்லி போன்றோர் அக்காலத்தில் இங்கிருந்து செடிகளையும் பூச்சிகளையும் கற்களையும் லண்டன் சேகரிப்பாளர்களுக்கு அனுப்பி வந்தார்கள். சென்னப்பட்டணத்தின் கடைவீதியில் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்கின. எனவே முதற்பதிவு தெலுங்கு உச்சரிப்பைத் தாங்கி நிற்பதில் வியப்பில்லை.

இதற்கும் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தடயம் உண்டு. 1666 வாக்கில் கோல்கொண்டா அரசில் பயணம் செய்த பிரெஞ்சுக்காரர் ஜான் தெவெனோ, அங்கே கிடைக்கும் ஒரு வெள்ளை எமரிக் கல்லைத் தெலுங்கர் மொழியில் ‘கொரிந்து’ என்று சொல்வதாகக் குறித்தார். எமரி என்பது ஐரோப்பியர் கிரேக்கத்து நாக்சஸ் தீவிலிருந்து பெற்றுவந்த தேய்ப்புக் கல். அதைப் போன்ற ஒன்று இங்கே இருக்கிறது என்பதே அவருக்குச் செய்தி. யூல், பர்னல் இருவரும் தொகுத்து 1886இல் வெளியிட்ட ‘ஹாப்சன்-ஜாப்சன்’ ஆங்கில-இந்தியச் சொல்லகராதி இந்தப் பதிவை எடுத்துக்காட்டுகிறது. பர்னல் தமிழகத்தில் நீதிபதியாகப் பணியாற்றித் தஞ்சை அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர்.

‘வி’ உதிர்ந்த இடம்

கொரிவிண்டம் எப்படிக் கொரண்டம் ஆயிற்று? நடுவில் இருந்த ‘வி’ எங்கே போயிற்று? இதற்கு விடை எடின்பரோவில் தொடங்கித் தமிழ்நாட்டில் முடிகிறது.

1767-68 வாக்கில் எடின்பரோவைச் சேர்ந்த வில்லியம் பெரி என்ற முத்திரைக்கல் செதுக்குநருக்கு மதராசிலிருந்து டாக்டர் ஆண்டர்சன் ஒரு பெட்டி நிறையப் படிகங்கள் அனுப்பினார். வைரம் தவிர மற்ற மணிகள் எல்லாவற்றையும் இந்நாட்டார் இதைக் கொண்டுதான் பட்டை தீட்டுகிறார்கள் என்ற குறிப்பும் உடன் போயிற்று. பெரி சோதித்துப் பார்த்தார். கல் நன்றாக வெட்டியது. ஆனால் அவருடைய நுண்ணிய வேலைக்கு வைரத்தூளே வசதியாக இருந்ததால் பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டார். கரியமில வாயுவை ஆராய்ந்த புகழ்பெற்ற வேதியியலாளர் ஜோசப் பிளாக் அந்தப் படிகங்களைப் பார்த்து, இதன் கடினத்தைக் கருதி ‘அடமன்டைன் ஸ்பார்’ என்று பெயர் சூட்டினார். வைரத்துக்கு நிகரான படிகக்கல் என்று பொருள். ஜெர்மானியரும் இதையே மொழிபெயர்த்து வழங்கினார்கள்.

ஆக, 1780களில் இக்கல்லுக்கு ஐரோப்பாவில் கற்றோர் இட்ட பெயர் ஒன்று தயாராகவே இருந்தது. அது நிலைத்திருந்தால் இக்கட்டுரைக்கு வேலை இல்லை. அதைத் தள்ளிவிட்டவர் சார்ல்ஸ் கிரெவில்.

கிரெவில் பிரபு குடும்பத்தவர், நாடாளுமன்ற உறுப்பினர், நேப்பிள்ஸில் தூதராக இருந்த வில்லியம் ஹாமில்டனின் மருமகன். ஆனால் கனிமவியலில் அவர் இடம் பெரிது. அவர் இறந்த பின் 1810இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அவருடைய கனிமச் சேகரிப்பை 13,727 பவுண்டு கொடுத்து வாங்கியது. அவர் 1798இல் ராயல் சொசைட்டியின் இதழில் ஆசியாவின் கொரண்டம் கல்லைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். பெரியின் பெட்டிக் கதையை நாம் அறிவதும் அதன் வழியாகத்தான். அக்கட்டுரையின் தலைப்பிலேயே ‘கொரண்டம்’ என்ற சொல்லை வைத்து, உள்நாட்டார் வழங்கும் பெயர் இது என்று நிறுவினார்.

அவர் அதைத் தேர்ந்ததில் ஆர்வத்தோடு காரியமும் கலந்திருக்க வேண்டும். அவருக்கு மேலும் மேலும் மாதிரிகள் தேவைப்பட்டன. மதராசில் இருக்கும் அதிகாரிக்குக் கடிதம் எழுதி ‘அடமன்டைன் ஸ்பார்’ அனுப்பு என்றால் எந்தக் கடையிலும் கிடைக்காது. குருந்தம் என்று கேட்டால் கிடைக்கும். பொருளை வரவழைக்கும் பெயரையே அவர் பிடித்துக்கொண்டார்.

உட்வர்டுக்குக் கிடைத்த கொரிவிண்டம், தெலுங்கின் குருவிந்தம். கிரெவிலுக்குக் கிடைத்த கொரண்டம், ‘வி’ உதிர்ந்த தமிழ்க் குருந்தம். எழுபது ஆண்டு இடைவெளியில் கல்லின் பெயர் மட்டுமல்ல, கல் வந்த திசையும் மாறியிருப்பதை இந்த ஓர் எழுத்து காட்டுகிறது. 1792இல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட உடன்படிக்கையால் சேலம், பாராமகால் பகுதிகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. அதுவரை கம்பெனிக்காரர் எட்டிப் பார்க்க முடியாத கொங்குச் சீமையின் குருந்த நிலங்கள் அதன் பிறகு அவர்கள் காலடியில். கிரெவில் கட்டுரை வெளிவந்தது அதற்கு ஆறு ஆண்டு கழித்து.

சொல்லின் கடைசி அசையிலும் ஒரு வசதி நேர்ந்தது. தமிழின் ‘அம்’ ஈறு ஆங்கிலக் காதில் லத்தீனின் ‘உம்’ ஈறாக ஒலித்தது. அறிவியல் நூலில் வைத்தால் அது லத்தீன் சொல்லாகவே தோன்றும். இன்றும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பிரெஞ்சில் அது ‘கொரிந்தோன்’ ஆயிற்று. தெவெனோ கேட்ட பழைய ஒலி அங்கே இன்னும் இருக்கிறது.

நம் நூல்களில் குருவிந்தம்

குருவிந்தம் வடமொழியிலும் பழைய சொல். வராகமிகிரரின் ‘பிருகத் சம்ஹிதை’ மாணிக்கம் பிறக்கும் மூலங்களாகச் சௌகந்திகம், குருவிந்தம், பளிங்கு என்ற மூன்றைச் சொல்கிறது. கோரைப் புல்லுக்கும் சாதிலிங்கத்துக்கும் கூட வடமொழியில் இதே பெயர் உண்டு. தமிழில் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் மணிக்கடைத் தெருவைக் காட்டும்போது மாணிக்கத்தில் நான்கு வகை பேசுகிறது. அவற்றில் ஒன்று விந்தம். உரையாசிரியர்கள் அதைக் குருவிந்தம் என்று விளக்கினார்கள். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்திலும், சொக்கநாதர் மாணிக்கம் விற்க வரும் இடத்தில் சாதுரங்கம், சௌகந்திகம், கோவாங்கம் ஆகியவற்றோடு குருவிந்தமும் எண்ணப்படுகிறது.

தொல்காப்பிய உரியியல் ‘குரு’ என்ற சொல்லுக்கு நிறம் என்று பொருள் கூறுகிறது. நிறமுள்ள கல் குருந்தம் என்று இதிலிருந்து ஒரு தாவு தாவிவிடலாம். பொருத்தமாகத்தான் தெரியும். ஆனால் மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் ஆட்கொள்ளப்பட்டது குருந்த மரத்தடியில். காட்டு எலுமிச்சை இனமான அந்த மரத்துக்கும் இதே பெயர். ஒலி ஒன்றுபட்டால் வேரும் ஒன்றாகிவிடாது. வடமொழியிலிருந்து இங்கே வந்ததா, இங்கிருந்து அங்கே போனதா என்பதில் அறிஞர் ஒருமனப்படவில்லை. ஆங்கிலத்துக்குப் போன வழியைச் சொல்ல இந்த வழக்கு தீர வேண்டிய தேவையும் இல்லை. ஒரு சொல் முதலில் எங்கே முளைத்தது என்பது ஒரு கேள்வி. யார் வாயிலிருந்து இன்னொரு மொழிக்குத் தாவியது என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு நம்மிடம் தெளிவான விடை இருக்கிறது: இலக்கியம் கற்ற புலவர் வாயிலிருந்து அன்று, கல்லை விற்றவர், இடித்தவர் வாயிலிருந்து.

சாணைக்காரர் கை

நூல்களில் மாணிக்க வகையாக மின்னிய குருவிந்தம், தொழிற்கூடத்தில் அழுக்கு நிறத்துக் கல். சேலம், நாமக்கல் பக்கத்துக் குருந்தம் பெரும்பாலும் சாம்பல், மங்கிய ஊதா, வெளிறிய சிவப்பு நிறங்களில் வரும். படிகம் ஆறு பட்டை கொண்டது. நடு பருத்து இரு முனையும் குறுகிப் பீப்பாய் வடிவில் இருக்கும். கையில் எடுத்தால் அதே அளவுள்ள வெங்கச்சங்கல்லைவிட ஒன்றரை மடங்கு கனக்கும். வெங்கச்சங்கல்லைக் கீறும், தான் கீறுபடாது. பிரெடரிக் மோஸ் 1812இல் வகுத்த கடினத்தன்மை வரிசையில் வைரத்துக்குப் பத்து, குருந்தத்துக்கு ஒன்பது.

இதைக் கொண்டு சாணை செய்யும் முறை இந்தியா முழுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். குருந்தத்தை இடித்துச் சலித்துப் பொடி எடுக்க வேண்டும். அரக்கை உருக்கி அந்தப் பொடியைச் சேர்த்துப் பிசைந்து, சூடு ஆறுமுன் சக்கரமாக அழுத்த வேண்டும். நடுவில் அச்சு. ஒருவர் வாரை மாற்றி மாற்றி இழுக்கச் சக்கரம் முன்னும் பின்னும் சுழலும். மற்றவர் கத்தியையோ மணியையோ அதன் விளிம்பில் காட்டுவார். அரக்கு சூட்டில் இளகும். ஆகவே அழுத்திப் பிடிக்கக் கூடாது. தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். சொரசொரப்பான பொடியில் செய்த சாணை உருவம் கொடுக்கும்; நைசான பொடியில் செய்தது மெருகு கொடுக்கும். ஐரோப்பாவில் செயற்கைச் சாணைச் சக்கரங்கள் பரவும் முன்பே, கடினமான துகளை ஒரு பசையில் பொதிந்து சக்கரமாக்கும் உத்தி இங்கே கைப்பழக்கமாக இருந்தது. இன்று ஆலையில் வரும் சக்கரத்திலும் தத்துவம் அதுவே. அரக்குக்குப் பதில் பீங்கான் மண்ணோ செயற்கைப் பிசினோ.

கொங்கு நாட்டில் இதற்குப் பழமையான பின்னணி உண்டு. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் சார்பில் ஒய். சுப்பராயலு, கா. ராஜன் ஆகியோர் 1985 முதல் நடத்திய அகழாய்வுகளில் மணி செய்யும் பட்டறைகள் வெளிப்பட்டன. பச்சைக்கல் இனமான பெரில், சூதுபவளம், செவ்வந்திக்கல், பளிங்கு ஆகியவற்றோடு நீலக்கல்லும் அங்கே கிடைத்தது. நீலக்கல் குருந்தத்தின் நிறம் ஏறிய வடிவம். கொடுமணலுக்குத் தெற்கே காங்கேயம் அருகில் சிவன்மலைப் பாறைகளில் குருந்தம் இருப்பதைத் தாமஸ் ஹாலந்து 1901இல் விரிவாக எழுதினார். அதற்கு முன்பே 1896இல் மிடில்மிஸ் சேலம், கோயம்புத்தூர் மாவட்டக் குருந்த நிலங்களைப் பற்றிக் குறிப்பு வெளியிட்டிருந்தார். இருவரும் இந்தியப் புவியியல் அளவைத் துறையினர்.

மாணிக்கம் குருந்தமான கதை

லண்டனுக்குப் போன கல் அங்கே வேறொரு கலகம் செய்தது. ஜெர்மானிய வேதியியலாளர் மார்ட்டின் கிளாப்ரோத் அதைப் பகுத்துப் பார்த்தபோது, இதுவரை அறியாத ஒரு புதிய பொருள் இதில் இருக்கிறது என்று முதலில் அறிவித்தார். கல் அவ்வளவு பிடிவாதமாகக் கரைய மறுத்தது. சில ஆண்டு கழித்து அவரே திருத்திக்கொண்டார்: பெரும்பகுதி அலுமினாதான், அதாவது அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த சேர்மம்.

பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி லண்டன் வந்து கிரெவிலின் சேகரிப்பை ஒழுங்குபடுத்திய பூர்நோன் பிரபு, 1802இல் அடுத்த அடி வைத்தார். படிக வடிவத்தை அவர் அளந்தார். வேதிப் பகுப்பை ரிச்சர்ட் செனவிக்ஸ் செய்தார். மாணிக்கமும் நீலமும், இரும்பைத் தேய்க்கும் அந்த அழுக்குக் கல்லும் ஒரே கனிமம் என்பது முடிவு. குரோமியம் துளி கலந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டேனியமும் கலந்தால் நீலம் என்பது பின்னால் தெரிந்தது. அரசர் முடியில் இருந்த கல்லுக்குக் கொங்கு நாட்டுச் சாணைக்கல்லின் பெயர் குடும்பப் பெயராயிற்று.

இந்த இடத்தில் நம்மவர் சிலர், மாணிக்க வகையில் குருவிந்தத்தைச் சேர்த்ததால் நம் முன்னோர் இதை அன்றே அறிந்திருந்தார்கள் என்று எழுதுவதுண்டு. அது பொருந்தாது. பழைய மணிநூல்கள் வகுத்தது நிறம், ஒளி, குற்றம், விலை ஆகியவற்றை வைத்து. சிவப்புக் கல்லையும் நீலக் கல்லையும் அவை ஒரே இனமாகக் கொள்ளவில்லை. நம் கைவினைஞர்களின் அறிவு எந்தக் கல் எதை வெட்டும் என்பதில் இருந்தது. அதுவே போதுமான பெருமை. அணு அமைப்பை அதன்மேல் ஏற்ற வேண்டியதில்லை.

பூர்நோன் இன்னொன்றையும் கவனித்தார். கர்நாட்டிக் பகுதியிலிருந்து வந்த குருந்தம் பொதிந்திருந்த வெண்ணிறத் தாய்ப்பாறைக் கனிமத்துக்கு ‘இண்டியனைட்’ என்று பெயரிட்டார். அது அனார்த்தைட் என்ற கனிமத்தின் ஒரு வகை. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் இத்தகைய பாறை பரந்து கிடப்பதை ஏ.பி. சுப்பிரமணியம் 1956இல் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். நிலவின் மேட்டு நிலப் பாறையும் இந்த இனம்தான். அதனால் சந்திரயான்-2 இறங்குகலத்தையும் ஊர்தியையும் சோதிக்க, சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களின் பாறையைப் பொடியாக்கி நிலவு மண் மாதிரி தயாரித்தார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறை அதில் துணை நின்றது. குருந்தத்தைப் பொறுக்கிக்கொண்டு ஒதுக்கிய வெள்ளைப் பாறைக்கு இருநூறு ஆண்டு கழித்து இப்படி ஒரு தேவை வந்தது.

‘இண்டியனைட்’ என்ற பெயர் இன்று எந்தக் கனிமவியல் பட்டியலிலும் தனிக் கனிமமாக இல்லை. குருந்தம் இருக்கிறது. தாய்ப்பாறைக்கு உள்ளூரில் விற்பனை இல்லை, ஆகவே பெயரும் இல்லை. பூர்நோன் ஒன்றை ஆக்கினார், அது நிற்கவில்லை.

கல்லறைக் கல்

இப்போது காரவள்ளிப் பாறைக்கு வருவோம். கல்கத்தா நகரை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறை அங்குள்ள புனித யோவான் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. வங்காள வண்டல் மண்ணில் இப்படிப்பட்ட கல் கிடையாது. மதராசுக்கு அருகே பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்திலிருந்து கொண்டுபோன கல் அது. தாமஸ் ஹாலந்து அந்தப் பலகையை ஆராய்ந்து 1893இல் கட்டுரை எழுதி, அந்தப் பாறை இனத்துக்குச் சார்னாக்கின் பெயரைச் சூட்டினார். 1900இல் வெளிவந்த அவருடைய பெருநூல் அப்பெயரை நிலைநாட்டியது. கொல்லிமலை, சேர்வராயன் மலை, நீலகிரி எனத் தென்னிந்திய மலைகளின் பெரும்பகுதி அதே இனம். பாறையைத் தமிழ்நாட்டில் வெட்டி, வங்காளத்தில் நட்டு, ஆங்கிலேயர் பெயரைச் சூட்டி, மறுபடியும் தமிழ்நாட்டு மலைக்கே அணிவித்தார்கள்.

இதில் உள்ளூர்ப் பெயரை ஹாலந்து புறக்கணித்தார் என்று சொல்ல முடியாது. எடுத்துக்கொள்ளத் தனிப் பெயர் இருக்கவில்லை. கல்தச்சருக்கு இது கருங்கல். நைஸ் பாறையும் கருங்கல்; டோலரைட்டும் கருங்கல். உளி எப்படி இறங்கும், எந்தப் பக்கம் பிளக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் அதில் இருக்கிறதா இல்லையா என்பது எந்தத் தச்சுக் கூலியையும் மாற்றாது. வேறுபாடு தேவைப்படாத இடத்தில் சொல் பிறப்பதில்லை. பாக்சைட்டும் அப்படியே. கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு அது உழவுக்கு ஆகாத செங்கல் மண். மேட்டூரில் 1965இல் உற்பத்தி தொடங்கிய மதராஸ் அலுமினியம் கம்பெனி கொல்லிமலையிலும் சேர்வராயன் மலையிலும் வெட்டி எடுத்த பிறகுதான் அது தாது ஆயிற்று. அப்போது அதற்கு வெளியூர்ப் பெயர் தயாராகக் கூடவே வந்தது.

இக்கருத்தை வேறு சொற்களிலும் உரசிப் பார்க்கலாம். கிரேக்கரும் ரோமரும் இந்தியாவிலிருந்து விரும்பி வாங்கிய கல் பெரில். அப்பெயர் பிராகிருத ‘வேளுரிய’ என்ற சொல்லிலிருந்து போனது. கடல் வணிகத்தோடு போன பெயர், ரோம எழுத்தாளர் பிளினியின் காலத்திலிருந்து இன்று வரை நிற்கிறது. தென்னிந்தியாவின் உருக்கு எஃகு ஆங்கிலத்தில் ‘வூட்ஸ்’ ஆனது. ஜார்ஜ் பியர்சன் 1795இல் ராயல் சொசைட்டியில் படித்த கட்டுரையால் அது பரவியது. கன்னட ‘உக்கு’ எழுத்துப் பிழையால் இப்படித் திரிந்ததாகக் கருதுவோர் உண்டு. திரிந்தாலும், பொருளோடு சேர்ந்து போன பெயர் பொருளோடு ஒட்டிக்கொண்டது. குருந்தம், பெரில், வூட்ஸ் என்ற மூன்று சொற்களிலும் பொருளுக்கு விலை இருந்தது. கேட்டு வாங்க ஒரு பெயர் தேவைப்பட்டது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பெயர் போனதே தவிர ஆட்கள் போகவில்லை. குருந்தத்தின் ஐரோப்பிய வரலாற்றில் மருத்துவர், அதிகாரி, செதுக்குநர், பிரபு என எல்லாருக்கும் முகவரி இருக்கிறது. வயலில் பொறுக்கியவருக்கும் அரக்கில் பிசைந்தவருக்கும் இல்லை. அவர்கள் அந்தக் கட்டுரைகளில் ‘உள்நாட்டார்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடுகிறார்கள். அவர்கள் விட்டுப்போன ஒரே கையெழுத்து அந்தப் பெயர்தான்.

கார்போரண்டம்

1891இல் அமெரிக்காவின் எட்வர்ட் ஆச்சசன் களிமண்ணையும் கல்கரித் தூளையும் சேர்த்து மின்சாரத்தால் சூடேற்றியபோது, கண்ணாடியைக் கீறும் பளபளப்பான துகள்கள் கிடைத்தன. களிமண்ணின் அலுமினாவும் கார்பனும் சேர்ந்ததாக எண்ணி, கார்பனையும் கொரண்டத்தையும் ஒட்டிக் ‘கார்போரண்டம்’ என்று பெயர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு. அதில் அலுமினா இல்லை. தவறான ஊகத்தில் பிறந்த பெயரின் பின்பாதியில் குருந்தம் ஏறிக்கொண்டது. 1954இல் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து சென்னையில் கார்போரண்டம் யூனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கியது. பரமத்திச் சீமையிலிருந்து போன சொல், அமெரிக்கா வழியாகச் சென்னைக்கு வந்தது. பாக்சைட்டை மின் உலையில் உருக்கிச் செயற்கைக் குருந்தம் செய்வதும் இன்று வழக்கமான தொழில். மலையின் மேல்தட்டுத் தாதுவும் மேட்டு நிலத்துச் சாணைக்கல்லும் அடிப்படையில் ஒன்று என்பதை அந்த உலை நாள்தோறும் மெய்ப்பிக்கிறது.

செயற்கைக் கல் வந்தபின் இயற்கைக் குருந்தத்துக்குத் தேவை குறைந்தது. பொறுக்குவதும் இடிப்பதும் அருகின. சொல்லும் சுருங்கியது. இன்று சைக்கிளில் சாணைச் சக்கரம் மாட்டிக்கொண்டு தெருவில் வருபவர் ‘சாணை பிடிக்கறது’ என்று குரல் கொடுப்பார். சக்கரத்தைக் கேட்டால் கார்போரண்டம் என்பார். அச்சில் ‘கொரண்டம்’ என்று ஆங்கிலம் வழியாகத் திரும்பிய வடிவத்தையும் பார்க்கலாம். அகராதி குருந்தத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆனால் ஒரு சொல்லைப் புழக்கத்தில் வைத்திருப்பது தொழில்.

இதிலிருந்து கலைச்சொல் ஆக்குவோர் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. மரம், இரும்பு தேய்க்கும் தாளுக்குத் தச்சர்களும் பெயிண்டர்களும் நெடுங்காலமாக உப்புத்தாள் என்கிறார்கள். தொட்டால் உப்பு நெருடுவது போல நெருடும் என்பதால் வந்த அருமையான சொல். குழுக்கூடி அதற்கு மாற்றாக ஒன்றை ஆக்கினால் அது இண்டியனைட் போன வழியில் போகும். புதிய பொருளுக்குப் பெயர் தேடும்போது முதலில் அதைக் கையில் வைத்து வேலை செய்பவரிடம் கேட்க வேண்டும். அவரிடம் பெயர் இருந்தால் அதையே அச்சில் ஏற்ற வேண்டும். இல்லாதபோது மட்டும் புதிதாக ஆக்கலாம். 1798இல் கிரெவில் செய்தது இவ்வளவே. அடமன்டைன் ஸ்பாரை இன்று யாரும் சொல்வதில்லை.